தொட்டால் தெரியணும்

தொடுதலையும் சூட்டையும் உணரும் மின்தோல் பற்றித் திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர்கள் கேள்விகளை அடுக்கிவிட்டார்கள். அக்னித் தலம், நெருப்போடும் வெறுங்காலோடும் தினமும் பழகும் ஊர். கேட்கத்தானே செய்வார்கள்!

மின்தோல் என்றால் மனிதத் தோலில் கரண்ட் வைப்பதா?
எட்டாம் வகுப்பு மாணவன், போளூர்

இல்லை தம்பி, பயப்படாதே. அது இழுத்தால் நீளுகிற ஒரு மெல்லிய படலம். உள்ளே வரிசை வரிசையாகச் சென்சார்கள். விரலால் அழுத்தினால் படலம் நசுங்குகிறது; எதிரெதிரே இருக்கும் இரண்டு மின்தகடுகள் நெருங்குகின்றன; அவை தேக்கிவைக்கும் மின்னூட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் எந்த இடத்தில், எவ்வளவு பலமாகத் தொட்டாய் என்பது தெரிந்துவிடும். சூட்டுக்கு வேறு சென்சார். வெப்பம் ஏற ஏற மின்தடை மாறுகிற ஒரு பொருளைப் பூசியிருப்பார்கள். வீட்டில் இருக்கும் செல்போன் திரைக்கு விரல் எங்கே பட்டது என்று தெரியும். தடவினாயா, குத்தினாயா, உன் விரல் சுட்டதா, சில்லென்று இருந்ததா என்பது தெரியாது. மின்தோலுக்குத் தெரியும்.

எவ்வளவு லேசாகத் தொட்டாலும் கண்டுபிடித்துவிடுமா?
கல்லூரி மாணவி, ஆரணி

ஈ உட்கார்ந்தால்கூடத் தெரியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவோவின் குழு 2010இல் இதைச் செய்தே காட்டியது. ஈயின் எடை 20 மில்லிகிராம். ரப்பரை வழவழவென்று வார்க்காமல், கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பிரமிடுகளாக வார்த்தார்கள். கூர்நுனி சட்டென்று நசுங்கும், அதுதான் சூட்சுமம். டோக்கியோவில் தக்காவோ சோமேயாவின் குழு 2005இலேயே அழுத்தம், சூடு இரண்டையும் ஒரே படலத்தில் உணரவைத்தது. 2013இல் அதே குழு மின்சுற்றை 2 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு இளைக்க வைத்தது. ஒரு சதுர மீட்டர் விரித்தாலும் எடை 3 கிராம்தான்.

மிளகாய் கடித்தால் வாய் எரிகிறது. மின்தோலில் மிளகாய் தேய்த்தால் சூடு என்று சொல்லுமா?
மெஸ் நடத்துபவர், செங்கம்

சொல்லாது. மிளகாயிடம் ஏமாறுவது நம் தோல்தான். நம் நரம்பு முனைகளில் ஒரு கதவு இருக்கிறது. சுமார் 43 டிகிரி சூடு பட்டால் அது திறந்து, ‘எரிகிறது’ என்று மூளைக்குச் சேதி போகும். மிளகாயில் உள்ள காப்சைசின் அதே கதவைச் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. இதை 1997இல் கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ். தொடுதலை, அழுத்தத்தை உணரும் கதவுகளைக் கண்டுபிடித்தவர் ஆர்டெம் பட்டாபூட்டியன். இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. தைலம் தடவினால் சில்லென்று இருப்பதும் இதே கதைதான். மென்தால் திறப்பது குளிருக்கான கதவை.

மகாதீபம் எரியும்போது அடிவாரத்தில் மின்தோலை நீட்டினால் சூடு தெரியுமா?
தேரடி வீதிப் பூக்கடைக்காரர், திருவண்ணாமலை

தெரியாது. தீபம் எரியும் மலை உச்சி 2,668 அடி உயரம். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் சூடு நான்கில் ஒரு பங்காகிவிடும். அடிவாரம் வருவதற்குள் கார்த்திகைக் குளிர்காற்றில் அது இருக்கும் இடமே தெரியாது. கண் அப்படியல்ல. இருட்டில் மிகச் சொற்ப ஒளியும் அதற்குப் போதும். அதனால்தான் சுற்றுப்பட்டு ஊர்களின் மாடியில் நின்றே கைகூப்ப முடிகிறது. தீபம் கண்ணுக்கான தரிசனம்.

இதெல்லாம் ரோபோவுக்குத்தானே? ரோபோவுக்கு எதற்கு வலி?
பாலிடெக்னிக் மாணவர், செய்யாறு

உடையாமல் இருக்க. 2022இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ரவீந்தர் தாஹியாவின் குழு 168 டிரான்சிஸ்டர்களை அச்சிட்டு ஒரு மின்தோல் செய்தது. தாஹியா நம் நாட்டவர், ஐ.ஐ.டி. டெல்லியில் படித்தவர். குத்தினால் அந்த ரோபோ கை பின்வாங்கியது. எவ்வளவு குத்துக்கு எவ்வளவு பின்வாங்குவது என்று கற்றும் கொண்டது. ஒவ்வொரு தொடுதலையும் மையக் கணினிக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திராமல், தோலே அங்கேயே முடிவெடுப்பதுதான் இதில் புதுமை. ஆனால், ரோபோவை விடுங்கள். எனக்கு இதில் அக்கறை வேறு இடத்தில்; அடுத்த கேள்வியில் வருகிறது.

எங்கள் ஊர்க்காரருக்கு இதனால் என்ன பிரயோஜனம்?
டீக்கடைக்காரர், கிரிவலப் பாதை

உங்கள் கடை வாசலில் கடந்துபோகிற கால்களைப் பாருங்கள். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நம் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது அது. சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் கால் நரம்புகள் முனையிலிருந்து பட்டுப்போகும். முதலில் விரல், பிறகு பாதம். எறும்பு ஊறுகிறது, எரிகிறது என்பார்கள். ஒருநாள் அந்தத் தொந்தரவும் நின்றுவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று சந்தோஷப்படுவார்கள். சரியாகவில்லை, சேதி சொல்ல ஆள் இல்லை. முள் தைத்தது தெரியாது, செருப்புக்குள் கல் கிடந்தது தெரியாது, தார் சுட்டது தெரியாது. புண் சீழ் பிடித்து வாடை வந்த பிறகுதான் வீட்டில் யாராவது பார்ப்பார்கள். அதற்குள் விரலை எடுக்கச் சொல்லும் நிலை. மின்தோல் முதலில் தேவைப்படுவது இந்தக் கால்களுக்குத்தான்.

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக உதிர்ந்துவிடும் என்பார் என் பாட்டி. உண்மையா?
இல்லத்தரசி, கலசபாக்கம்

உதிராது அம்மா. உலகமே அப்படித்தான் நம்பியிருந்தது. அதை உடைத்தவர் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். டாக்டர் பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேய மிஷனரி தம்பதியின் பிள்ளை. லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் ‘என் கையை இறுக்கிப் பிடியுங்கள்’ என்றார். அந்தப் பிடியில் பிராண்டுக்கு உயிரே போனது. கை செயலிழக்கவில்லை, தசைகளில் நல்ல பலம் இருந்தது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து பிடித்துக்கொண்டே போனார். அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்குவது, துருப்பிடித்த பூட்டைச் சதை கிழியத் திருகுவது, புண்பட்ட காலால் முழு எடையையும் ஊன்றி நடப்பது: கிருமி விரலைத் தின்னவில்லை, உணர்வில்லாத அன்றாட வேலைகள் தின்றன. சில நோயாளிகளின் விரல் இரவில் இருந்தது, காலையில் இல்லை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது புரிந்தது: எலி கடித்திருக்கிறது, தூங்கியவருக்குத் தெரியவே இல்லை. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். மடங்கிய விரல்களுக்கு நல்ல தசைநாணை மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சையையும் வேலூரில்தான் அவர் வளர்த்தெடுத்தார். 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனை உலகெங்கும் இருந்து டாக்டர்கள் வந்து இதைக் கற்றுப்போன இடம். திருவண்ணாமலையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான்.

அப்படியென்றால் பிராண்டே ஒரு மின்தோல் செய்திருக்கலாமே?
ஆசிரியர், கீழ்பென்னாத்தூர்

செய்து பார்த்தார் ஐயா! 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, பொறியாளர்களோடு சேர்ந்து செயற்கை வலிக்கு முயன்றார். மின்தோல் என்ற பேச்சே பரவாத காலம். கையுறையிலும் காலுறையிலும் அழுத்த சென்சார்கள். ஒன்றின் விலை சுமார் 450 டாலர். வியர்வையில் துருப்பிடித்தன, வளைந்து வளைந்து ஒடிந்தன. அதையெல்லாம் சமாளித்திருக்கலாம். இடித்தது வேறு இடத்தில்.

அழுத்தம் மிஞ்சினால் காதில் சத்தம் கேட்கும்படி வைத்தார்கள். நோயாளிகள் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். விளக்கு மினுக்கினார்கள், அதையும் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கடைசியில், உணர்வு மிச்சமிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வலித்தது. உடனே நோயாளி என்ன செய்தார்? ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்தார். முடித்த பிறகு போட்டுக்கொண்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அலாரத்துக்கு யார் எழுந்து ஓடுவார்கள்? அக்குளில் வரும் வலி, கையின் வலி ஆகாது. அணைக்க முடிகிற வலி காப்பாற்றாது என்று கண்டுகொண்ட பிராண்ட், பல ஆண்டு உழைப்பைக் கைவிட்டார். என்னைக் கேட்டால் மின்தோலின் முழு வரலாற்றிலும் இதுதான் மிக முக்கியமான சோதனை.

இன்றைய மின்தோலையும் அப்படித்தானே அணைத்துவிடுவார்கள்?
அதே ஆசிரியர், கீழ்பென்னாத்தூர்

இதைத்தான் நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். சூடான சட்டியைத் தொட்டால் என்ன நடக்கிறது? சேதி தண்டுவடம் வரை போகிறது. தண்டுவடமே கையை இழுத்துவிடுகிறது. ‘சுட்டது’ என்று மூளைக்குத் தெரிவது பிறகுதான். நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. ஆகவே சென்சார் மட்டும் போதாது, அது நரம்போடு பேச வேண்டும்.

அந்தத் திசையில் நல்ல வேலை நடக்கிறது. 2023இல் ஜெனான் பாவோவின் குழு ஒரு மின்தோலின் துடிப்புகளை எலியின் மூளைக்கு அனுப்பி, அங்கிருந்து வந்த கட்டளையைச் செயற்கை நரம்பிணைப்பு ஒன்றின் வழியாகக் காலுக்குக் கொண்டுபோனது. படலத்தை அழுத்தினால் எலியின் கால் துள்ளியது. பலமாக அழுத்தினால் பலமாகத் துள்ளியது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசானில், கை இழந்தவர்களின் மிச்சக் கையில் குறிப்பிட்ட புள்ளிகளைச் சூடாக்கியும் குளிர்வித்தும் பார்த்தார்கள். 27 பேரில் 17 பேருக்கு, இல்லாத கையிலேயே அந்தச் சூடும் குளிரும் தெரிந்தன. அக்குளில் இல்லை, தன் கையில்! பிராண்ட் தேடியது இதைத்தான்.

ஆனால் ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விபத்தில் கால் போனவருக்கு மிச்சமிருக்கும் நரம்பு உயிரோடு இருக்கிறது, அதில் இணைக்கலாம். சர்க்கரையாலும் தொழுநோயாலும் மரத்துப்போன காலில் நரம்பே பட்டுப்போயிருக்கிறது. எங்கே இணைப்பது? இன்னும் மேலே போக வேண்டும். உடலைத் திறக்க வேண்டும். ஆகவே செயற்கைக் கை கால்களுக்கு இது முதலில் வரும். கிரிவலப் பாதையின் கால்களுக்குத் தாமதமாகும். அதுவரை அவர்கள் என்ன செய்வது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கு இதில் பங்கு உண்டா?
இன்ஜினீயரிங் மாணவி, வந்தவாசி

உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மது பாஸ்கரன், இன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர். அவருடைய குழு 2020இல் வெளியிட்டது, அழுத்தம், சூடு, வலி மூன்றுக்கும் மறுவினை காட்டும் மின்தோல். வனேடியம் ஆக்சைடு என்ற பொருள் குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் சட்டென்று மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அதைச் சூட்டுக்கு வைத்தார்கள். கூடவே ஒரு நினைவுச் செல். லேசாகத் தொட்டால் சும்மா இருக்கும். எல்லை மீறினால் மட்டும் சத்தம் போடும். ஊசியை வருடுவதற்கும் ஊசி குத்துவதற்கும் வித்தியாசம் தெரிகிறது என்று பொருள். நீங்களும் வாருங்கள், இந்தத் துறையில் இடம் நிறைய.

பாதாள லிங்கத்தில் ரமணரைப் பூச்சிகள் கடித்துப் புண்ணாக்கியும் அவருக்குத் தெரியவில்லையாம். அதுவும் நரம்புக் கோளாறா?
ஓய்வுபெற்ற தபால்காரர், திருவண்ணாமலை

நிச்சயமாக இல்லை. 1896இல், பதினாறு வயதில் இங்கே வந்தவர் ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில் இருக்கும் அந்த இருட்டறையில் அமர்ந்தார். பூச்சிகள் துளைத்துப் புண்ணான தொடைகளோடுதான் அவரை வெளியே தூக்கி வந்தார்கள். நரம்பு பட்டுப்போன நோயாளிக்குச் சேதி கிளம்பும் இடத்திலேயே அறுந்துவிடுகிறது. தியானத்தில் இருப்பவருக்குத் தோல் சேதி அனுப்புகிறது. மனம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. தண்டுவடத்தில் வலிச் சேதிகளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாசல் இருக்கிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் சொன்னார்கள். மூளையும் மேலிருந்து அந்த வாசலைச் சாத்த முடியும் என்றார்கள். அறிவியல் அந்த வாசல்வரைதான் போகிறது. அதற்கப்பால் அந்தச் சிறுவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பகவானின் பக்தர்கள்தான் பேச வேண்டும்.

திரௌபதி அம்மன் தீமிதியில் இறங்குகிறவர்களுக்கு ஏன் சுடுவதில்லை?
கூத்துக் கலைஞர், சேத்துப்பட்டு

நம்பிக்கை அவர்களை இறங்க வைக்கிறது. சாம்பல் பூத்த கரி அவர்களைக் காப்பாற்றுகிறது. கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். கால் ஒவ்வொரு அடியிலும் ஒரு நொடிகூட நிற்பதில்லை. அதே சூட்டில் இரும்புத் தகடு என்றால் முதல் அடியிலேயே வெந்துவிடும். கால் மரத்துப்போனவர்கள் மட்டும் தயவுசெய்து இறங்காதீர்கள். தணல் ஒன்று விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டால் மற்றவர் உதறுவார். உங்களுக்குத் தெரியாது.

எனக்குச் சர்க்கரை, பன்னிரண்டு வருடமாக. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு கிரிவலம் வருவதாக வேண்டுதல். வரலாமா?
வாசகி, தண்டராம்பட்டு

காலில் உணர்வு இருக்கிறதா என்று டாக்டரிடம் முதலில் பாருங்கள் அம்மா. உணர்வு குறைந்திருந்தால் வெறுங்கால் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெயில் நேரத்தில் தார் ரோடு 60 டிகிரியைத் தாண்டும். நல்ல கால் முதல் அடியிலேயே நிழலைத் தேடி ஓடும். மரத்த கால் அப்படியே நடக்கும். இரவில் சூடு இல்லை, ஆனால் முள்ளும் கண்ணாடித் துண்டும் கண்ணுக்குத் தெரியாது. மலையே சிவன் என்று நம்பிச் சுற்றுகிறீர்கள். அந்தச் சிவன் உங்கள் கால்விரலைக் கேட்பாரா? மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பைப் போட்டு வாருங்கள். நடக்க முடியாவிட்டால் ஆட்டோவில் சுற்றுங்கள்.

உணர்வு நன்றாக இருக்கிறது, வெறுங்கால்தான் என்றால் இரவில் வாருங்கள். பாதை 14 கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை ஒவ்வொன்றிலும் கும்பிட்டு முடித்ததும் ஓரமாக உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் அடியையும் பாருங்கள். உங்களால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மின்தோல் என்ன விலை?
மளிகைக் கடைக்காரர், ஆரணி

கடைக்கு வரவில்லை. டாக்டரிடம் இருக்கும் ஒரு நைலான் இழை இப்போதைக்குப் போதும். பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். அது தெரியாத காலுக்கு ஆபத்து. ஒரு நிமிட வேலை, கேட்டு வாங்குங்கள்.

கிரிவலப் பாதையில் தொழுநோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். காசு போடும்போது கை பட்டால் ஒட்டிக்கொள்ளுமா?
வாசகர், செங்கம்

ஒட்டாது. அப்படிக் கை தேய்ந்தவர்களில் பலர் எப்போதோ மருந்து சாப்பிட்டுக் குணமானவர்கள். கிருமி போய்விட்டது, போன விரல் திரும்பவில்லை, அவ்வளவுதான். கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் குணம். சிகிச்சை தொடங்கியதுமே பரவுவது நின்றுவிடும். இந்நோய் ஒழிந்தேபோனது என்றும் நினைக்க வேண்டாம். 2005இல் இந்தியா இது இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று அறிவித்தது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. உடம்பில் எங்காவது வெளிறிய தேமல், அதில் கிள்ளினால் உறைக்கவில்லை என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அடுத்த முறை பாதையில் அவர்களைக் காணும்போது காசை எறியாமல் கையில் கொடுங்கள். காலில் நல்ல செருப்பு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள்.

என் அப்பா டாக்டரிடம் போக மறுக்கிறார். காலில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?
பிளஸ் டூ மாணவி, கலசபாக்கம்

இருக்கிறது மகளே, கருவி எதுவும் வேண்டாம், உன் ஆள்காட்டி விரல் போதும். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனை டாக்டர்கள் வகுத்த சோதனை இது. அப்பாவைப் படுக்கச் சொல், கண்ணை மூடச் சொல். எந்தக் காலில் தொடுவது தெரிகிறதோ, ‘வலது’, ‘இடது’ என்று சொன்னால் போதும் என்று சொல்லிவிடு. பிறகு வலது கால் கட்டைவிரல் நுனி, வலது சுண்டுவிரல் நுனி. இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல். கடைசியாக வலது நடுவிரல், இடது நடுவிரல். ஒவ்வொன்றையும் ஓரிரு நொடி லேசாகத் தொடு. அழுத்தாதே, தட்டாதே, தடவாதே. ஒரு விரலை இரண்டாம் முறை தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ அவருக்குத் தெரியவில்லை என்றால், எந்தெந்த விரல் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடமே காட்டு. அந்தத் தாளோடு நாளைக் காலையே அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போ.